எந்தக் கட்டம் எதற்காகக் காத்திருக்கிறது? சமாந்தரச் செய்நிரலாக்க மாதிரியைத் தெரிவுசெய்யும் வழி

கொஸ்லந்தை, மீரியபெத்தை தோட்டத்தில் 2014 ஒக்டோபர் 29 அன்று மலை சரிந்து தொழிலாளர் வாழ்ந்த லயன்கள் மண்ணுக்குள் புதையுண்டதைப் பற்றி வகுப்பில் பேச நேரும் ஒவ்வொரு தடவையும், உயர்தரத்தில் தகவல் தொழினுட்பம் படிக்கும் பிள்ளைகளில் யாராவது ஒருவர், "சேர், மழை பெய்துகொண்டிருக்கும்போதே எந்தச் சரிவு தாங்காது என்று எங்கள் கணினியில் கணக்குப் பார்க்க ஏலாதா?" என்று கேட்டுவிடுகிறார். மண்சரிவு எச்சரிக்கை விடுப்பது தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் பொறுப்பு. ஆய்வுகூடத்தில் எழுதும் எந்தச் செய்நிரலும் அதற்கு மாற்றாகாது. அந்த நிறுவனம் வெளியேறச் சொன்னால் உடனே வெளியேற வேண்டும். ஆனாலும் பிள்ளையின் கேள்வி மிக நல்ல கேள்வி. அதற்கு விடை தேடிப் போனால், உயர்திறன் கணிப்பில் இன்று புழக்கத்தில் உள்ள முக்கியமான சமாந்தரச் செய்நிரலாக்க மாதிரிகளை, அதாவது ஒரே கணக்கைப் பலவாகப் பிரித்து ஒரே நேரத்தில் செய்விக்கும் வழிகளை, ஒவ்வொன்றாகத் தொட வேண்டிவரும். ஆகவே அந்தக் கணக்கையே எடுத்துக்கொண்டு, எந்த மாதிரியை எப்போது தெரிவுசெய்வது, எப்படி எழுதுவது, தவறு எங்கே ஒளிந்திருக்கும் என்பவற்றை இங்கே விளக்குகிறேன்.

சீ மொழியில் லூப்பும் அணியும் எழுதத் தெரிந்தவர்களை மனத்தில் வைத்தே எழுதுகிறேன். உயர்தரத்தில் பைத்தன் படித்தவர்களும் தொடர்ந்து வாசிக்கலாம். ஒரு நேரத்தில் ஒரே திரெட் (செய்நிரலுக்குள் தனியாக ஓடும் ஒரு கட்டளைத் தொடர்) மட்டும் பைத்தன் கட்டளைகளை இயக்க விடும் பூட்டு வழமையான பைத்தனில் இருப்பதால், அவர்கள் திரெட்டுகளுக்குப் பதிலாக மல்டிபுரொசெசிங் அல்லது எம்பிஐ ஃபோர் பை என்ற நூலகத்தைப் பயன்படுத்த வேண்டும் என்பது மட்டுமே வேறுபாடு.

முதலில் கணக்கைப் படியுங்கள்

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா மூன்றையும் உள்ளடக்கும்படி, பக்கமொன்று 50 கிலோமீற்றர் கொண்ட ஒரு சதுரத்தை வரைபடத்தில் குறித்துக்கொள்வோம். அதை 10 மீற்றருக்கு ஒரு கட்டமாகப் பிரித்தால் 5000 நிரைகளும் 5000 நிரல்களுமாக 2.5 கோடி கட்டங்கள் கிடைக்கும். கட்டமொன்றுக்கு 8 பைட் என்றால் ஓர் அணிக்கு மட்டும் 200 மெகாபைட் நினைவகம் வேண்டும். 2000 பெப்ரவரியில் விண்ணோடத்திலிருந்து ரேடாரால் அளந்து பெற்ற, இலவசமாகக் கிடைக்கும் 30 மீற்றர் உயரத் தரவையே பயன்படுத்துவதானால், அதே சதுரம் ஏறத்தாழ 28 இலட்சம் கட்டங்களாகச் சுருங்கிவிடும். இந்த இரண்டு எண்களையும் மறந்துவிடாதீர்கள். எத்தனை கணினி வேண்டும் என்ற கேள்விக்கு விடை இவற்றில்தான் இருக்கிறது.

இந்தக் கட்டங்களின் மேல் மூன்று வேலைகள் செய்ய வேண்டும். முதலாவது, ஒவ்வொரு கட்டத்திலும் மண்ணைப் பிடித்து நிறுத்தும் விசைக்கும் அதைக் கீழே இழுக்கும் விசைக்கும் உள்ள விகிதத்தைக் கணிப்பது. இதைப் பாதுகாப்புக் காரணி என்பார்கள். மண்ணுக்குள் நீர்மட்டம் ஏற ஏற உராய்வு குறைந்து இந்த எண் இறங்கும், 1க்குக் கீழே போனால் சரிவு நிற்காது. இரண்டாவது, மண்ணுக்குள் இருக்கும் நீர் பக்கத்துக் கட்டங்களுக்குக் கசிவதைக் காலப்படி ஒவ்வொன்றிலும், அதாவது கணக்கில் நேரம் நகரும் சிறு அடி ஒவ்வொன்றிலும், கணிப்பது. மூன்றாவது, மேலேயிருந்து வழிந்து வரும் நீர் ஒவ்வொரு கட்டத்தையும் கடக்கும்போது மொத்தம் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று கூட்டுவது.

மூன்றும் ஒரே அணியின் மேல் ஓடும் லூப்புகள்தாம். ஆனால் ஒன்றையொன்று ஒத்தவை அல்ல. பாதுகாப்புக் காரணியைக் கணிக்க ஒரு கட்டம் வேறு எந்தக் கட்டத்தையும் கேட்க வேண்டியதில்லை. கசிவைக் கணிக்க நான்கு அயற்கட்டங்களின் முந்தைய காலப்படிப் பெறுமானங்கள் போதும். நீர் சேர்வதைக் கணிக்கவோ, தனக்கு மேலே உள்ள எல்லாக் கட்டங்களும் முடியும்வரை ஒரு கட்டம் காத்திருக்க வேண்டும். எந்தக் கட்டம் எதற்காகக் காத்திருக்கிறது என்ற இந்தக் கேள்விக்கு விடை எழுதி முடிப்பதற்கு முன்னர் ஓபன் எம்பி, எம்பிஐ, கூடா என்ற கருவிகளைப் பற்றி யோசிக்கவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. கருவியை முதலில் தெரிவுசெய்துவிட்டுக் கணக்கை அதற்குள் திணிக்கப் பார்த்துப் பல வாரங்களை வீணாக்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஒரே கோரில் செய்ய வேண்டிய திருத்தம்

கோர் என்பது செயலிக்குள் தனித்து இயங்கும் ஒரு கணிப்பு அலகு. சமாந்தரமாக்கும் முன், ஒரே கோரில் ஓடும் தொடர்ச் செய்நிரலைச் சீராக்குங்கள். சீ மொழியில் ஒரு நிரையின் உறுப்புகள் நினைவகத்தில் அடுத்தடுத்து இருக்கும். செயலி நினைவகத்திலிருந்து ஒரு எண்ணை மட்டும் எடுப்பதில்லை. கேஷ் என்ற தன் வேக நினைவகத்துக்கு, வழக்கமாக 64 பைட் கொண்ட ஒரு கேஷ் வரியை, அதாவது எட்டு எண்களை, ஒன்றாக அள்ளி வருகிறது. உள் லூப் நிரை வழியே ஓடினால் அந்த எட்டும் பயன்படும். உள் லூப் நிரல் வழியே இறங்கினால் எட்டில் ஒன்றை எடுத்துக்கொண்டு ஏழைத் தூக்கி எறிகிறோம். இரண்டு லூப்புகளையும் இடம் மாற்றி எழுதுவது ஒரு நிமிட வேலை. அது தரும் ஆதாயமோ சில வேளைகளில் நான்கு கோர்களைச் சேர்ப்பதைவிடப் பெரிது. ஃபோர்ட்ரானில் ஒழுங்கு இதற்கு நேர்மாறானது என்பதையும் கவனத்திற் கொள்ளுங்கள். சரிவின் கோணம் மழையால் மாறுவதில்லை என்பதால், அதன் சைன், கோசைன் பெறுமானங்களைத் தொடக்கத்தில் ஒருமுறை கணித்து வைத்துவிடலாம்.

பிறகு எந்தப் பகுதி எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று அளந்து எழுதிவையுங்கள். இந்த அளவு இல்லாமல் அம்தாலின் விதியைப் பிரயோகிக்க முடியாது. 1967இல் ஜீன் அம்தால் முன்வைத்த கருத்து எளிமையானது: வேலையில் பிரிக்க முடியாத பங்கு எவ்வளவோ அதுவே வேகத்துக்கு எல்லை. நூற்றுக்கு 5 பங்கு பிரிக்க முடியாதது என்றால், 8 கோர்களில் 5.9 மடங்கு வேகமே கிடைக்கும்; எத்தனை ஆயிரம் கோர்களைச் சேர்த்தாலும் 20 மடங்கைத் தாண்ட முடியாது. தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. கங்காணி நிரை பிடித்துக் கொடுத்த பிறகு நாற்பது பேரும் ஒரே நேரத்தில் கொழுந்து பறிக்கலாம். ஆனால் நிறுக்கும் இடத்தில் தராசு ஒன்றுதான். இன்னும் நாற்பது பேரை மலைக்கு அனுப்பினால் பறிக்கும் நேரம் பாதியாகும், தராசடியில் நிற்கும் வரிசையோ இரட்டிப்பாகும். உங்கள் செய்நிரலில் அந்தத் தராசு எது என்று தேடுங்கள். பெரும்பாலும் அது கோப்பை வாசிக்கும் பகுதியாகவோ விடையை எழுதும் பகுதியாகவோ இருக்கும்.

ஒரு கணினி, பல கோர்கள்: ஓபன் எம்பி

28 இலட்சம் கட்டங்கள் என்றால் ஒரு மடிக்கணினியே தாராளமாகப் போதும். கணினிகளை இணைக்கும் பேச்சுக்கே இடமில்லை. எல்லாக் கோர்களும் ஒரே நினைவகத்தைப் பகிரும் இந்த நிலைக்கு ஓபன் எம்பி பொருத்தமானது. 1997இல் ஃபோர்ட்ரானுக்கும் மறு ஆண்டு சீ மொழிக்கும் வெளியான இந்தத் தரநிலை இன்று ஜிசிசி உட்பட முக்கியமான தொகுப்பான்கள் எல்லாவற்றிலும் இருக்கிறது. வெளி லூப்புக்கு மேலே "பிராக்மா ஓஎம்பி பெரலல் ஃபோர்" என்ற ஒரு வரியை எழுதி, தொகுக்கும்போது ஓபன் எம்பிக்குரிய தெரிவைக் கொடுத்தால், 5000 நிரைகளும் திரெட்டுகளிடையே பங்கிடப்பட்டுவிடும். பாதுகாப்புக் காரணி லூப்புக்கு இதற்குமேல் ஏதும் தேவையில்லை.

சிக்கல் தொடங்குவது கூட்டல் வரும் இடத்தில்தான். காரணி 1க்குக் கீழே உள்ள கட்டங்கள் எத்தனை என்று எண்ண ஒரு மாறியை வைத்து ஒவ்வொரு தடவையும் ஒன்றைக் கூட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மாறியில் 40 இருக்கிறது. முதலாம் திரெட் 40ஐ வாசிக்கிறது. அது 41ஐ எழுதுவதற்கு முன்னரே இரண்டாம் திரெட்டும் 40ஐ வாசித்துவிடுகிறது. இரண்டுமே 41 என்று எழுதுகின்றன. இரண்டு கட்டங்கள் எண்ணப்பட்டன, கணக்கில் ஏறியது ஒன்று. செய்நிரல் நிற்காது, பிழைச் செய்தி வராது. இயக்கும் ஒவ்வொரு தடவையும் விடை மட்டும் சற்று மாறிக்கொண்டே இருக்கும். ஆபத்தான சரிவுகளைக் குறைத்துக் காட்டும் ஒரு பிழை இப்படிச் சத்தமில்லாமல் உட்கார்ந்திருப்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் பதறுகிறது.

இதற்கு மருந்து "ரிடக்‌ஷன்" என்ற சொல். அதைப் பிராக்மா வரியில் சேர்த்து மாறியின் பெயரைக் கொடுத்தால், ஒவ்வொரு திரெட்டும் தனக்கென ஒரு பிரதியில் எண்ணி, முடிவில் எல்லாம் ஒன்றாகக் கூட்டப்படும். "கிரிட்டிக்கல்" என்று பூட்டுப் போட்டாலும் விடை சரியாகும். ஆனால் ஒவ்வொரு கூட்டலுக்கும் எல்லாத் திரெட்டுகளையும் தராசடியில் நிறுத்துவதற்கு அது சமம். சிலர் ரிடக்‌ஷனைத் தவிர்த்து, எட்டுத் திரெட்டுகளுக்கு எட்டு உறுப்புகள் கொண்ட ஓர் அணியை எடுத்து, ஆளுக்கொரு உறுப்பில் கூட்டச் சொல்வார்கள். விடை சரியாக வரும், வேகம் வராது. எட்டு உறுப்புகளும் சேர்ந்து 64 பைட், அதாவது ஒரே கேஷ் வரி; ஒரு திரெட் தன் உறுப்பில் எழுதும்போதெல்லாம் மற்றக் கோர்களிடம் உள்ள அந்த வரி செல்லாததாகி, அது கோருக்குக் கோர் இழுபடும். பிராக்மாவுக்கு வெளியே அறிவித்த மாறிகள் பொதுவானவை, லூப்புக்கு உள்ளே அறிவித்தவை தனிப்பட்டவை என்ற விதியைக் கைக்கொண்டு, தற்காலிக மாறிகளை எல்லாம் உள்ளேயே அறிவித்துவிட்டால் பெரும்பாலான விபத்துகள் தவிரும். தசம எண்களை ரிடக்‌ஷனில் கூட்டும்போது கூட்டும் ஒழுங்கு மாறுவதால் கடைசி இலக்கங்களில் சிறு வேறுபாடு வரலாம். அது பிழையன்று, முழு எண்ணிக்கையில் வேறுபாடு வந்தால்தான் பிழை.

நிரைகளைப் பங்கிடும் முறையையும் நீங்களே தெரிவுசெய்யலாம். வழக்கமான "ஸ்டெட்டிக்" முறையில் அடுத்தடுத்த நிரைகள் சம அளவாகப் பிரியும். நம்முடைய சதுரத்தில் காசல்ரீ, மவுஸ்ஸாக்கலை போன்ற நீர்த்தேக்கங்கள் விழும் கட்டங்களில் கணக்கே கிடையாது. அந்த நிரைகள் கிடைத்த திரெட் சீக்கிரம் முடித்துவிட்டுச் சும்மா இருக்கும்; செங்குத்தான சரிவுகள் கிடைத்தது உழைத்துக்கொண்டே இருக்கும். "டைனமிக்" என்று கொடுத்து ஒரு தடவைக்குப் பத்து இருபது நிரைகள் என்று துண்டாக்கினால், முடித்தவர் அடுத்த துண்டை எடுத்துக்கொள்வார். ஒவ்வொரு நிரையாகக் கொடுப்பது நல்லதல்ல. பங்கிடும் செலவு கூடும்.

கசிவைக் கணிக்கும் லூப்பில் இன்னொரு கவனம் வேண்டும். அயற்கட்டங்களின் பழைய பெறுமானமே தேவை என்பதால், பழையது ஓர் அணியிலும் புதியது வேறோர் அணியிலும் இருக்கட்டும். காலப்படி முடிந்ததும் இரண்டு சுட்டிகளையும் இடம் மாற்றிக்கொண்டால் நகலெடுக்கும் செலவும் இல்லை. ஒரே அணியில் எழுதினால், ஒரு திரெட் புதுப்பித்ததை அயல் திரெட் பழையது என்று நம்பி வாசித்துவிடும். இந்த லூப் கோர்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப வேகமடையாததைக் கண்டு சோர்ந்துவிடாதீர்கள். கூட்டல்கள் மிகச் சில, வாசிக்க வேண்டிய எண்கள் மிகப் பல. நினைவகத்திலிருந்து தரவு வரும் வழி இரண்டு மூன்று கோர்களுக்கே நிரம்பிவிடக்கூடும். அந்த எல்லையைத் தாண்ட வேண்டுமானால் இன்னும் சில நினைவகங்கள், அதாவது இன்னும் சில கணினிகள் தேவை.

பல கணினிகள்: எம்பிஐ

2.5 கோடி கட்டங்களும் பல ஆயிரம் காலப்படிகளும் என்று வரும்போது, ஆய்வுகூடத்தில் மாலை வேளையில் சும்மா இருக்கும் எட்டுக் கணினிகளைச் சேர்க்கலாம். இது ஏழைகளின் ஒப்பேற்றல் என்று யாரும் தாழ்வாக எண்ண வேண்டாம். 1994இல் தோமஸ் ஸ்டேர்லிங், டொனால்ட் பெக்கர் இருவரும் நாசாவின் கொடார்ட் நிலையத்தில் கட்டிய பேவுல்ஃப் கணினித் தொகுதி, கடையில் கிடைக்கும் 16 செயலிகளைச் சாதாரண ஈதர்நெட்டால் இணைத்ததுதான். அதே ஆண்டில் வெளியான எம்பிஐ தரநிலையே இன்று உலகின் மிகப் பெரிய கணினிகளிலும் நோடுகளுக்கு, அதாவது தொகுதியில் உள்ள தனித்தனிக் கணினிகளுக்கு, இடையே செய்தி கடத்துகிறது.

ஏற்பாடு இப்படி இருக்கட்டும். எட்டிலும் ஒரே லினக்ஸ் பதிப்பையும் ஒரே எம்பிஐ பதிப்பையும் நிறுவுங்கள். பதிப்பு வேறுபட்டால் வரும் பிழைச் செய்திகளைப் பார்த்துக் காரணத்தைக் கண்டுபிடிப்பது கடினம். கடவுச்சொல் கேட்காமல் ஒன்றிலிருந்து மற்றவற்றுக்குள் நுழைய எஸ்எஸ்எச் திறவுகோலை ஏற்படுத்துங்கள். செய்நிரல் இருக்கும் கோப்புறையை என்எஃப்எஸ் மூலம் எல்லாவற்றுக்கும் பொதுவாக்குங்கள். கணினிகளின் பெயர்களையும் ஒவ்வொன்றிலும் உள்ள கோர்களின் எண்ணிக்கையையும் ஒரு கோப்பில் எழுதி, எம்பிஐ ரன் கட்டளைக்கு அந்தக் கோப்பைக் கொடுங்கள். வைஃபையை நம்ப வேண்டாம், கம்பியால் இணையுங்கள்.

எம்பிஐயில் பொது நினைவகம் என்று எதுவும் இல்லை. ஒரே செய்நிரலின் எட்டுப் பிரதிகள், அதாவது எட்டுப் புரொசெஸ்கள், ஓடுகின்றன. ஒவ்வொன்றும் தன் ரேங்க் எண்ணைக் கேட்டறிந்து, அதற்குரிய பங்கை மட்டும் வைத்திருக்கும். 5000 நிரைகளை எட்டாகப் பிரித்தால் ஆளுக்கு 625 நிரைகள் கொண்ட ஒரு பட்டி. ஒவ்வொரு பட்டிக்கும் மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு நிழல் நிரைகளைக் கூடுதலாக ஒதுக்குங்கள். அயலவரின் ஓர நிரையின் பிரதி ஒவ்வொரு காலப்படியிலும் அங்கே வந்து சேர வேண்டும். இந்தப் பரிமாற்றம்தான் எம்பிஐ செய்நிரலின் உயிர்நாடி.

புதியவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவதும் இங்கேதான். ஒவ்வொருவரும் முதலில் இரு அயலவருக்கும் "சென்ட்" செய்துவிட்டுப் பிறகு "ரிசீவ்" செய்யும்படி எழுதுவார்கள். நூறுக்கு நூறு கட்டங்களில் சோதிக்கும்போது ஓடும். 5000 ஆக்கியதும் எல்லாம் அப்படியே உறைந்துவிடலாம். சிறிய செய்தியை எம்பிஐ தன் இடைநினைவகத்தில் வாங்கி வைத்துக்கொண்டு சென்ட் முடிந்தது என்று திரும்பிவிடும். பெரிய செய்தி என்றால் மறுபக்கத்தில் ரிசீவ் தயாராகும்வரை காத்திருக்கும். இரு அயலவரும் கையில் கூடையைப் பிடித்துக்கொண்டு, "நீ முதலில் வாங்கிக்கொள்" என்று நிற்பதைப் போன்றது அது. எந்த அளவில் உறையும் என்பது நிறுவலுக்கு நிறுவல் மாறும். ஆகவே சோதிக்கும்போது சென்டுக்குப் பதிலாக "எஸ்சென்ட்" என்ற அழைப்பைப் போட்டுப் பாருங்கள். அது எவ்வளவு சிறிய செய்திக்கும் மறுபக்கத்துக்காகக் காத்திருப்பதால், ஒளிந்திருக்கும் முடக்கம் உடனே வெளியே வந்துவிடும். திருத்தம் எளிது: அனுப்புவதையும் பெறுவதையும் ஒரே அழைப்பில் செய்யும் "சென்ட்ரிசீவ்" பயன்படுத்துங்கள். எல்லோரும் கீழ்நோக்கி மட்டும் முதலில் அனுப்பினால் முடக்கம் வராது. ஆனால் கடைசிப் பட்டி பெற்ற பின்னரே அதற்கு முந்தையது பெறும் என்று வேலை ஒருவர்பின் ஒருவராக நகரும். எட்டுக் கணினிகள் இருந்தும் ஏன் வேகமில்லை என்று தேடும்போது இதையும் சந்தேகியுங்கள்.

வலையமைப்பு தாங்குமா என்பதைத் தாளில் கணக்கிட்டே தெரிந்துகொள்ளலாம். ஒரு நிரை 40,000 பைட். கிகாபிட் சுவிட்ச் விநாடிக்கு அதிகபட்சம் 125 மெகாபைட் கடத்தும். இரு அயலவருக்கும் அனுப்ப ஏறத்தாழ 0.64 மில்லிவிநாடி. ஒரு பட்டியின் அணி 25 மெகாபைட். பழையதை வாசித்துப் புதியதை எழுத 50 மெகாபைட் நகர வேண்டும், நினைவகம் விநாடிக்கு 10 கிகாபைட் தரும் என்று கொண்டால் 5 மில்லிவிநாடி. கணக்குக்கு 5, பேச்சுக்கு ஒன்றுக்கும் குறைவு. இது நல்ல நிலை. அதே எட்டுக் கணினிகளும் பழைய 100 மெகாபிட் சுவிட்சில் இருந்தால் பேச்சுக்கு மட்டும் 6.4 மில்லிவிநாடி போய்விடும், கணக்கைவிடக் கூட. புதிய கணினி வாங்கப் பணம் திரட்டுவதற்கு முன்னர் சுவிட்சின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

பேச்சை மறைக்கவும் வழி உண்டு. "ஐசென்ட்", "ஐரிசீவ்" என்ற அழைப்புகள் பரிமாற்றத்தைத் தொடங்கிவைத்துவிட்டு உடனே திரும்பிவிடும். ஓர நிரைகளைத் தவிர்த்து உள்ளே உள்ள 623 நிரைகளையும் அந்த நேரத்தில் கணித்து முடித்து, "வெயிட் ஓல்" அழைத்து, பிறகு ஓரங்களைக் கணியுங்கள். புரொசெஸ்கள் 64 ஆகப் பெருகினால் பட்டிகளை விட்டுச் சதுரத் துண்டுகளுக்கு மாறுங்கள்: பட்டிக்குப் பரிமாற்றம் 10,000 எண்கள், 625க்கு 625 சதுரத்துக்கு 2,500 மட்டுமே. ஆபத்தான கட்டங்களின் மொத்த எண்ணிக்கையைக் கூட்ட "ஓல்ரிடியூஸ்" ஒன்றே போதும். அதைக் காலப்படிக்கு ஒருமுறை அழையுங்கள், கட்டத்துக்கு ஒருமுறை அழைத்துவிடாதீர்கள்.

ஒவ்வொரு கணினியிலும் ஓர் எம்பிஐ புரொசெஸ், அதற்குள் கோர்களுக்கு ஓபன் எம்பி என்று இரண்டையும் கலக்கலாம். அப்போது திரெட்டுகளின் எண்ணிக்கையைச் சூழல் மாறியில் வெளிப்படையாகக் குறிப்பிடுங்கள். எட்டுக் கோர்களில் எட்டுப் புரொசெஸ்களும் ஒவ்வொன்றுக்கும் எட்டுத் திரெட்டுகளும் என்று தவறுதலாக ஓடவிட்டால் 64 திரெட்டுகள் எட்டு இடத்துக்கு முட்டிமோதும்.

கிராஃபிக்ஸ் அட்டை

ஒரே கணக்கை இலட்சக்கணக்கான கட்டங்களில் செய்ய என்விடியாவின் கூடா, தொகுப்பானுக்குக் குறிப்பு மட்டும் கொடுக்கும் ஓபன் ஏசிசி, ஓபன் எம்பியின் "டார்கெட்" கட்டளைகள் ஆகியவை உதவும். அட்டை இருந்தால் குறிப்பு வழியில் தொடங்குங்கள். கூடாவை அதன் பின்னர் கற்கலாம். கவனிக்க வேண்டியது தரவு எங்கே இருக்கிறது என்பதுதான். 200 மெகாபைட் அணியை விநாடிக்கு 16 கிகாபைட் வழியில் அட்டைக்கு அனுப்ப 12.5 மில்லிவிநாடி, திரும்பப் பெற இன்னொரு 12.5. அட்டையின் சொந்த நினைவகம் விநாடிக்கு 400 கிகாபைட் தந்தால், காலப்படிக்குரிய கணக்கு ஒரே மில்லிவிநாடியில் முடிந்துவிடும். காலப்படிக்கு ஒருமுறை கொண்டுபோய்க் கொண்டுவந்தால் ஆதாயம் முழுவதும் வழிச்செலவில் போய்விடும். தொடக்கத்தில் ஒருமுறை ஏற்றி, ஆயிரம் காலப்படிகளை அங்கேயே ஓட்டி, தேவைப்படும்போது மட்டும் இறக்குங்கள். என்விடியா அட்டையில் 32 திரெட்டுகள் ஒன்றாகவே நடப்பதால், அவற்றில் பாதி "இஃப்" பக்கமும் பாதி "எல்ஸ்" பக்கமும் போனால் இரண்டு பக்கத்தின் நேரத்தையும் எல்லோரும் செலவிட வேண்டிவரும்.

நீர் சேரும் கணக்கு

மூன்றாவது வேலையை வேண்டுமென்றே பின்னுக்கு வைத்தேன். பெரலல் ஃபோர் இங்கே உதவாது. மேல்கட்டம் முடியாமல் கீழ்க்கட்டத்தைத் தொடவே கூடாது. ஆனால் மலையைப் பாருங்கள். காசல்ரீக்கு வந்து விழும் கெஹெல்கமு ஓயாவின் நீர் களனி கங்கையாகிக் கொழும்புப் பக்கம் போகிறது. தலவாக்கலையைக் கடக்கும் கொத்மலை ஓயா மகாவலியில் சேர்ந்து திருகோணமலைக் கடலை அடைகிறது. இடையில் நிற்கும் நீர்ப்பிரிமுகட்டின் ஒரு பக்கத்துக் கட்டம் மறு பக்கத்துக் கட்டத்துக்காக ஒருபோதும் காத்திருப்பதில்லை. எனவே சதுரத்தை நிரைகளாக வெட்டாமல் நீரேந்து பிரதேசங்களாகவும், அவற்றைக் கிளை ஓயாக்களின் சிறு பிரதேசங்களாகவும் வெட்டினால், ஒவ்வொன்றையும் தனி வேலையாக ஒரு திரெட்டிடமோ ஒரு புரொசெஸிடமோ கொடுத்துவிடலாம். ஓபன் எம்பியில் 2008ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து உள்ள "டாஸ்க்" வசதி இதற்கே பொருத்தமானது.

ஒரு பிரதேசத்துக்குள்ளும் வழி இருக்கிறது. ஒவ்வொரு கட்டத்திலும் தனக்குள் நேரே நீர் விடும் அயற்கட்டங்கள் எத்தனை என்ற எண்ணை எழுதிவையுங்கள். முகட்டில் உள்ள கட்டங்களுக்கு அது பூச்சியம். அவை யாருக்காகவும் காத்திருப்பதில்லை, எல்லாவற்றையும் ஒன்றாகக் கணிக்கலாம். முடிந்த ஒவ்வொரு கட்டமும் தன் நீரைக் கீழ்க்கட்டத்தில் சேர்த்து, அதன் எண்ணில் ஒன்றைக் கழிக்கட்டும். பூச்சியமானவை அடுத்த சுற்றுக்குத் தயார். சேர்ப்பதையும் கழிப்பதையும் "அட்டோமிக்" என்று குறிக்க மறக்காதீர்கள். இல்லையேல் முன்பு சொன்ன 41 கதை இங்கேயும் நடக்கும். ஓயாவை நோக்கி இறங்க இறங்கச் சுற்றுக்கான கட்டங்கள் குறைந்துகொண்டே போய், கடைசியில் ஒற்றை வரிசையாகிவிடும். அந்தப் பகுதி சமாந்தரமாகாது, அதை அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான்.

சரிபார்த்தலும் மின்தடையும்

விடை சரியா என்பதை வேகத்துக்கு முன்னர் பாருங்கள். தொடர்ச் செய்நிரலின் விடையை ஒரு கோப்பில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் ஒப்பிடுங்கள். எட்டு, பதினாறு என்று சரியாகப் பிரியும் எண்களில் மட்டும் சோதிக்காதீர்கள். ஏழு புரொசெஸ்களில் ஓட்டுங்கள். 5000ஐ ஏழால் வகுத்தால் 714, மீதி 2. முதல் இருவருக்கு 715 நிரைகளும் மற்ற ஐவருக்கு 714உம் போகாவிட்டால் எங்கோ இரண்டு நிரைகள் காணாமற் போயிருக்கும். பெய்த மழையின் மொத்தம், மண்ணில் உள்ள நீர், வழிந்து வெளியேறிய நீர் மூன்றும் ஒன்றுக்கொன்று ஈடுகட்டுகின்றனவா என்று ஒவ்வொரு நூறு காலப்படிக்கும் கூட்டிப் பாருங்கள். அயற்பரிமாற்றத்தில் உள்ள தவறு பெரும்பாலும் முதலில் இந்தக் கணக்கில்தான் தலைகாட்டும்.

மழைக்காலத்தில் நம் பக்கம் மின்சாரம் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. ஒருமுறை இரவு முழுவதும் ஓடிய கணக்கு விடிகாலையில் மின்தடையால் நின்றபோது, இடைநிலையைச் சேமித்திருக்கிறோமே என்று நிம்மதியாக இருந்தேன். கோப்பைத் திறந்தால் பாதிதான் எழுதப்பட்டிருந்தது. பழைய கோப்பின் மேலேயே புதியதை எழுதிக்கொண்டிருந்த அந்தச் சில விநாடிகளில்தான் மின்சாரம் போயிருந்தது, பழையதும் இல்லை, புதியதும் இல்லை. அன்றிலிருந்து புதிய நிலையை வேறொரு பெயரில் எழுதி, எழுதி முடிந்து வட்டில் பதிந்தது உறுதியான பின்னர்தான் பெயரை மாற்றுகிறேன். முந்தைய நிலையையும் அழிக்காமல் வைத்திருக்கிறேன். நீங்களும் அப்படியே எழுதிவிட்டு, நூறாவது காலப்படியில் சேமித்து, நூற்றைம்பதாவதில் எட்டுக் கணினிகளில் ஒன்றின் மின்வடத்தை நீங்களே பிடுங்குங்கள். மறுபடி தொடக்கி இருநூறுவரை ஓட்டி, தடையின்றி இருநூறுவரை ஓடிய விடையோடு ஒப்பிடுங்கள். கட்டத்துக்குக் கட்டம் இரண்டும் ஒத்திருந்தால் அன்றைய இரவு கணக்கை ஓடவிட்டு வீட்டுக்குப் போகலாம்.